யோகம் எதையும் வெறிதாக்கவில்லை

மகன்,

நீ எடுக்கிற அழைப்புகளுக்கு நான் பதில் சொல்வதில்லை என்று அப்பாவிடம் முறைப்பட்டாயாம். சொல்லமாட்டேன். போனில் நீ வாய் திறந்தால் கொழும்புக் கந்தோரில் கூட்டம் நடத்துகிற குரல்தான் வருகிறது. நான் ஒரு வசனத்தைச் சொல்லி முடிக்குமுன் "ஓகே அம்மா, நோட்டட்" என்கிறாய். எதைக் குறித்துக்கொண்டாய், எங்கே குறித்துக்கொண்டாய் என்று எனக்கு ஒருநாளும் தெரியவந்ததில்லை. ஆகவே கடிதம். இருபத்தாறு வருடம் ஊரவர்களுக்கெல்லாம் கடிதம் அடித்துச் சீவித்தவள் நான். பெற்ற பிள்ளைக்கு ஒன்று எழுதக் கை கூசாது. "கோவம் ஆறட்டும்கா, மறுகா எழுது" என்று அப்பா சொன்னார். ஆறின பிறகு எழுதினால் இதுவும் இவன் எழுதுகிற கடிதம் மாதிரித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டுப் பேனையை எடுத்தேன்.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், ஏனென்றால் உனக்கு வரும் அறிக்கையில் அது இருக்காது. போன திங்கட்கிழமை பின்னேரம் யோகம் நம் வீட்டுப் படலையில் வந்து நின்றாள். யோகம் யார் என்று கேட்பாய். உன் பட்டியலில் அவள் யோகேஸ்வரி, பெயருக்கு முன்னால் ஓர் இலக்கம். வாவிக்கரை இறால் கம்பனியில் மூன்றாம் மேசையில் பதினேழு வருடமாக இறால் உரிக்கிறவள். நான் அங்கே ஆளணிப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்த காலத்தில் அவளை வேலைக்கு எடுத்தவள் நானே. நான் இளைப்பாறிய பிறகு உன் கொழும்புக் கம்பனி அதை வாங்கியது. மனித வள முகாமையாளராக இருக்கிற உன்னிடம், "உன்ட ஊர்தானே, நீயே திருத்து" என்று ஒப்படைத்தார்கள். என் மகன் என் கதிரைக்கு மேலே ஒரு கதிரையில் இருக்கிறான் என்று நாவற்குடா முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அந்தப் பெருமையை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

அவளை இருக்கச் சொன்னேன். இருக்கவில்லை. "வேலையால நேர வாறன் அக்கா, உடுப்பெல்லாம் றால் மணம்" என்று குசினி வாசலில் நின்றபடியே ஒரு கடித உறையை நீட்டினாள்.

"இத ஒருக்கா வாசிச்சிச் சொல்லுங்க. எழுத்து விளங்குது, சங்கதி விளங்கல்ல."

வாசித்தேன். தொடர்ச்சியாகப் பதினொரு வேலை நாட்கள் முன்னறிவித்தலின்றிக் கடமைக்குச் சமுகமளிக்காத காரணத்தினால் அவள் தன் பதவியை வெறிதாக்கியவராக, அதாவது தானாகவே வேலையை விட்டுப் போனவளாக, கருதப்படுகிறாள் என்று இருந்தது. அதற்கு மாறாகக் காரணம் காட்டுவதானால் எதிர்வரும் வாரம் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, விரும்பினால் தான் தெரிவுசெய்யும் ஒருவருடன், கம்பனியில் நீ நடத்தும் விசாரணைக்கு வரவேண்டும். காரணம் திருப்தியில்லாவிட்டால் அன்றோடு அவளுக்கு வேலை இல்லை.

"நீ வேலைக்கு வரல்லண்டு எழுதியிரிக்கி யோகம்."

"ஆரு, நானா? சனிக்கிழமையும் போனநான். இண்டைக்கும் விடிய ஏழு மணிக்குப் போய் இப்பதான் கையக் கழுவிட்டு வாறன். வேலைக்கு வராத ஆள்ல எப்படி அக்கா இந்த மணம் வரும்?"

"இந்தக் கடிதம் உனக்கு எப்படி வந்திச்சு?"

"சுப்பர்வைசர் ஐயா மேசைக்குக் கொண்டுவந்து தந்தவர். கையில றால் இரிக்கி, அங்கால வைங்க ஐயாண்டு சொன்னநான்."

இந்த இடத்தில் நிறுத்தி, திரும்ப ஒருதரம் வாசி. வேலைக்கு வராதவள் என்று நீ எழுதிய கடிதத்தை, வேலை செய்துகொண்டிருந்தவளின் மேசையில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்கள். கொடுத்தவருக்கும் சிரிப்பு வரவில்லை, அழுகையும் வரவில்லை. பிறகு அவள் கேட்டாள்: "கீழ இரிக்கிற கையெழுத்து உங்கட மகன்டதானே அக்கா?" ஓம் என்றேன். அவள் நான் ஊற்றிக்கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டுக் கோப்பையைத் தானே கழுவி வைத்தாள்.

பிறகுதான் நீ சுவரில் பூட்டிய விரல் மெசினைப் பற்றிச் சொன்னாள். போன மாதத்திலிருந்து உள்ளே போகுமுன் எல்லோரும் அதில் விரல் வைக்க வேண்டும். புதிதாக வந்த பெண்களின் விரலை அது பிடிக்கிறது. பத்துப் பதினைந்து வருடம் ஐஸ் தண்ணீரிலும் இறால் ஓட்டிலும் கை வைத்தவர்களின் விரலைப் பிடிப்பதில்லை, ரேகை தேய்ந்துபோயிருக்கிறது. "பிளீஸ் ட்ரை அகேன்" என்று உள்ளேயிருந்து ஒரு வெள்ளைக்காரி சொல்லிக்கொண்டே இருப்பாளாம். பெண்கள் விடவில்லை. தேங்காயெண்ணெய் பூசிப் பார்த்தார்கள், தலைமுடியில் துடைத்துப் பார்த்தார்கள், ஒருத்தி தேசிக்காய்ப் புளி தேய்த்தாள், இன்னொருத்தி செருப்பைக் கழற்றிவிட்டுக் காற்பெருவிரலைத் தூக்கி வைக்கப்போய் விழுந்து எழும்பினாள். மற்றவர்களின் விரலை இரண்டு மூன்று நாளைக்கு ஒருதரமாவது மெசின் பிடித்துவிட்டது. யோகத்தின் விரலை ஒருநாளும் பிடிக்கவில்லை, ஏனென்றால் மூன்றாம் மேசையில் எல்லோரிலும் வேகமாக உரிக்கிறவள் அவள். "நீங்க உள்ள போங்க, நான் கொழும்புக்கு அறிவிக்கிறன்" என்று மேற்பார்வையாளர் நாளும் சொல்லி அனுப்பியிருக்கிறார். அவர் அறிவித்தாரோ, நீ அதையும் "நோட்டட்" என்றாயோ தெரியாது. பதினோராம் நாள் கணினி தானாகக் கடிதம் அடித்தது, நீ கையெழுத்து வைத்தாய். கம்பனியில் கூடுதலாக வேலை செய்தவளே உன் கணக்கில் வேலைக்கு வராதவள் ஆனாள்.

அவள் போனதும் உனக்கு எடுத்தேன். நீ சொன்ன ஒவ்வொரு சொல்லும் காதில் நிற்கிறது.

"சிஸ்டத்துல அப்படி விழுந்திருக்கு அம்மா. அவவ விசாரணைக்கு வரச் சொல்லுங்க, அங்க பார்ப்பம்."

"என்னத்த மனே பாக்கிற? அவ மேசையில நிண்டவ. கடிதத்தையே மேசையிலதான் குடுத்திரிக்கி."

"ஒராளுக்கு விதிவிலக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்க. கம்பனிய நெகிழ்வான நிறுவனமா மாத்திட்டு இருக்கம். இந்த நேரத்துல ஒண்டும் செய்யேலாது. உங்கட காலம் வேற அம்மா." பிறகு என்னைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு ஒன்று சொன்னாய்: "கடிதம்கூட உங்கட பைலில இருந்து எடுத்ததுதான். எவ்வளவு வடிவான தமிழ்!"

அதோடு போனை வைத்துவிட்டேன். நீ சொல்லுமுன்பே அது எனக்குத் தெரியும். யோகத்தின் கடிதத்தை வாசிக்கும்போதே அந்த வசனத்தின் நடை பிடிபட்டது. ஒரு புள்ளி பிசகாமல் நான் அடித்த வசனம். நீ இந்த வேலையில் சேர்ந்தபோது, "இங்க ஒராளுக்கும் தமிழ்ல உத்தியோகக் கடிதம் எழுதத் தெரியாது அம்மா" என்று கேட்டாய். நான் என் பழைய கடிதக் கோவையை உறையில் போட்டு, பதிவுத் தபாலில் அனுப்பினேன். அலுவலகத் தமிழுக்கு நானே அத்தாரிட்டி என்ற நினைப்பு. ஊருக்கு உபதேசம் செய்கிறவளுக்குத் தன் வீட்டிலிருந்து என்ன போகிறது என்று பார்க்கத் தெரியவில்லை.

அந்த வசனத்துக்கு ஒரு கதை இருக்கிறது. நீ சின்ன வயதில் நூறுதரம் கேட்ட கதை. நான் புளியந்தீவில் ஒரு கூட்டுத்தாபனக் கந்தோரில் எழுதுவினைஞராகச் சேர்ந்த புதிது. களஞ்சியத்தில் மூட்டை தூக்குகிற நவம் என்ற பொடியன் ஏழு நாள் வேலைக்கு வரவில்லை. ஏழு நாள் வராவிட்டால் பதவி வெறிதாக்கல் அறிவித்தல் அனுப்ப வேண்டும் என்பது விதி. அடித்தேன், அனுப்பினேன். அடுத்த கிழமை அவனுடைய தாய் அந்தக் கடிதத்தைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்தாள். வந்தவள் என் மேசைக்கு முன்னால் நின்று சொன்னாள்:

"புள்ள, ஆரோ பொய் சொல்லியிரிக்காங்க. என்ட மகன் வெறி பாவிக்கிறல்ல. கள்ளுக்கூட வாயில வைக்கிறல்ல. கோயில்ல வேணுமெண்டாலும் சத்தியம் பண்ணுறன்."

வெறி என்றால் நம் ஊரில் குடிவெறிதானே. கடையில் யாரோ வாசித்துச் சொன்னதில் 'வெறி' மட்டும் அவள் காதில் விழுந்திருக்கிறது. குடித்துவிட்டு வேலைக்கு வந்ததாக மகன்மீது குற்றம் சாட்டியிருக்கிறார்கள் என்று நினைத்து நியாயம் கேட்க வந்திருந்தாள். பக்கத்து மேசைப் பிள்ளையும் நானும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். வீட்டுக்கு வந்து அப்பாவுக்குச் சொல்லிச் சிரித்தேன். நீ கதை கேட்கிற வயதுக்கு வந்ததும் உனக்குச் சொல்லிச் சிரித்தேன். "என்ட மகன் வெறி பாவிக்கிறல்ல" என்று நீ குரலை மாற்றி நடிப்பாய், வீட்டுக்கு வந்தவர்கள் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள்.

கதை அதோடு முடியவில்லை. மீதியை நான் உனக்கு ஒருநாளும் சொல்லவில்லை. குடியைப் பற்றியில்லை, வேலைக்கு வராததைப் பற்றித்தான் எழுதியிருக்கிறது என்று நான் விளக்கினதும் அவள் முகம் தெளிந்தது. அந்த நேரம் அவள் சொன்னது இது: "அவன் வேலைக்குப் போறண்டுதான் வெளிக்கிட்டவன் புள்ள. ஆமிச் சுத்திவளைப்புல ஏத்திட்டுப் போயிட்டாங்க. எங்க வெச்சிரிக்காங்கண்டு தெரியா. இவன் எங்கட கந்தோர்ல வேலை செய்றவண்டு நீங்க ஒரு கடிதம் தந்தா, கொண்டுபோய்க் காட்டிக் கேப்பன்." சண்டை நடந்த அந்த நாட்களில், பிடிபட்டவனை வெளியே எடுக்க அப்படி ஒரு கடிதம் எவ்வளவு பெரிய காரியம் என்று உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே சொன்னேன்: "இப்ப அவர் எங்கட ஊழியர் இல்ல அம்மா. அப்படி எழுத ஏலாது." விதிப்படி சரியான பதில். அவனை ஊழியன் இல்லாமல் ஆக்கியவள் நான், ஊழியன் இல்லை என்று கையை விரித்தவளும் நான். அவள் கடிதத்தைத் திரும்பச் சேலையில் முடிந்துகொண்டு போனாள்.

ஐந்து மாதத்துக்குப் பிறகு நவம் வந்தான். பாதி ஆளாக இருந்தான். வேலை இல்லை, கோவை மூடியாயிற்று என்று சொன்னேன். சத்தம் போடவில்லை. "நான் வரல்லண்டு எழுதினீங்க மிஸ். ஏன் வரல்லண்டு ஒராளும் கேக்கல்லயே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனான். பிறகு வாவியில் வலை வீசினான். சந்தையில் அவன் மீன் கூறு போட்டிருக்கிற பக்கம் தெரிந்தால் நான் மற்றப் பக்கத்தால் சுற்றிப் போவேன். எத்தனை வருடம் அப்படிச் சுற்றினேன் தெரியுமா? ஒருதரம்கூட முன்னால் போய் நின்று, தம்பி, நான் செய்தது பிழை என்று சொல்லவில்லை. இதெல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, சிரிக்கிற பாதியை மட்டும் உனக்கு ஊட்டி வளர்த்தேன். உன்மேல் எனக்கு வருகிற கோபத்தில் பாதி என்மேல் வரவேண்டியது என்று தெரியும். ஆனாலும் உன் பாதியை நான் உனக்குக் குறைக்கப்போவதில்லை.

இறால் கம்பனிக்குப் போன பிறகு வேறு மாதிரி நடக்க வேண்டும் என்று நினைத்தேன். நானாக ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை, அந்தப் பெண்களிடம் ஏற்கெனவே ஒரு வழக்கம் இருந்தது. வயலில் மாற்றாள் விடுவது போல, ஒருத்தி வரமுடியாவிட்டால் வேலை தெரிந்த இன்னொருத்தியை அனுப்புவாள். 'மாத்தாள்' என்பார்கள். கம்பனி விதியில் அப்படி ஒன்று கிடையாது. நான் ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி, யார் யாருக்கு மாத்தாள், யாருக்கு எந்த எந்த வேலை தெரியும், யாருக்குப் பிள்ளை சின்னது, யார் வீட்டில் நோயாளி இருக்கிறார் என்று எழுதி வைத்தேன். அம்மன் கோயில் சடங்கு வந்தால் எங்கள் பெண்களின் மேசையை ஏறாவூர் முஸ்லிம் பெண்கள் பார்த்தார்கள். பெருநாள் வந்தால் அவர்களின் மேசையை இவர்கள் பார்த்தார்கள். வெளியே ஊரும் ஊரும் முகம் பார்க்காத நாட்களிலும் அந்த மேசைகளில் அது நிற்கவில்லை. மாரி மழையில் வாவியின் முகத்துவாரத்தை வெட்டிக் கடலுக்குத் திறந்துவிட்டால் இறால் மலையாக வந்து இறங்கும். பொதி கட்டுகிறவளும் கணக்கு எழுதுகிறவளும் சேலையைச் செருகிக்கொண்டு உரிக்க வந்து நிற்பார்கள். அது என் வேலை இல்லை என்று ஒருத்தி சொன்னதை நான் கேட்டதில்லை.

பெற்றோல் இல்லாமல் நாடே வரிசையில் நின்றபோது கம்பனி பஸ் ஓடவில்லை. படுவான்கரையிலிருந்து வருகிற பெண்கள் வாவிக்கு அந்தப் பக்கம் அகப்பட்டுக்கொண்டார்கள். கம்பனியை இரண்டு மாதம் மூடுவோம் என்று அப்போதைய முதலாளி முடிவெடுத்தார். யோகம்தான் என்னிடம் வந்து, "மூட வேணாமெண்டு சொல்லுங்க அக்கா, நான் தோணி பாக்கிறன்" என்றாள். மச்சானின் தோணி, மச்சானுடைய கூட்டாளியின் தோணி என்று நாலு தோணி பிடித்து, நீர்மட்டத்தையும் காற்றையும் பார்த்து வேலை நேரத்தை மாற்றி எழுதித் தந்தாள். ஒருநாள் விடியற்காலை, ஒருநாள் மதியம். நான் அதையே நேர அட்டவணையாக அடித்துச் சுவரில் ஒட்டினேன். கம்பனி ஒரு நாளும் மூடவில்லை. மூடியிருந்தால் உன் கொழும்புக்காரர்கள் வாங்குவதற்கு அங்கே பூட்டிய கதவு மட்டும்தான் இருந்திருக்கும். நிறுவனம் நெகிழ வேண்டும் என்று நீ படம் போட்டுக் காட்டுகிறாயே, அன்றைக்கு அதை நெகிழவைத்தவளைத்தான் இன்றைக்கு வராதவள் என்று எழுதியிருக்கிறாய்.

உன் படங்களை நான் பார்த்தேன். போன தைப்பொங்கலுக்கு வந்தபோது மடிக்கணினியைத் திறந்து அப்பாவுக்கும் எனக்கும் காட்டினாய். அம்புக்குறி, வட்டம், வட்டத்துக்குள் ஒரு வெள்ளைக்காரன் குந்தியிருந்து சிரிக்கிறான். நல்லாயிருக்கிறது மனே என்றேன். பொய் சொன்னேன். நெகிழ்வான நிறுவனம் செய்ய வந்த நீ முதலில் செய்தது என்ன? ஒவ்வொருத்திக்கும் ஒரு கடமைப் பட்டியல் கொடுத்து, உரிக்கிறவள் உரிக்க மட்டும் வேண்டும் என்று எழுதினாய். மாத்தாள் விடுவதை நிறுத்தினாய், ஆள்மாறாட்டமாம். சடங்கு, பெருநாள் ஒழுங்குக்குப் பதிலாகத் தலைமைக் கந்தோரின் விடுமுறை நாட்காட்டியைத் தொங்கவிட்டாய். யார் சொல்வதையும் கேட்காத பெட்டி ஒன்றைச் சுவரில் அறைந்தாய். இருந்த நெகிழ்வையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு, இனி நெகிழுங்கள் என்று பயிற்சி வகுப்பு வைத்தாய். வகுப்பில் பந்து எறிந்து விளையாடச் சொன்னார்களாம். "நாப்பத்தெட்டு வயசுல பந்து விளையாடிட்டு வந்தநான் அக்கா" என்று யோகம் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தப் பொங்கலன்று நீ சொன்னதில் ஒன்று சரி, அதையும் எழுதுகிறேன், இல்லாவிட்டால் நான் நியாயக்காரி இல்லை. "எல்லாம் உங்கட கொப்பியில இருந்தா, நீங்க போன பிறகு கம்பனி என்ன செய்யும்?" என்று கேட்டாய். ஓம். அந்தக் கொப்பி என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. இப்போதும் அலுமாரியில் கிடக்கிறது. எனக்குப் பிறகு வந்தவர்களுக்கு அதைக் காட்டவும் இல்லை, கம்பனி விதியில் ஏற்றச் சொல்லி முதலாளியிடம் ஒற்றைக் காலில் நிற்கவும் இல்லை. எல்லோரும் என்னிடம் வந்து கேட்கிறார்கள் என்பதில் எனக்கு ஒரு ருசி இருந்தது. அதோடு, சொந்தக்காரர் இல்லாத பெண்களுக்கு மாத்தாள் கிடைப்பது கஷ்டம். அவர்கள் பட்ட பாட்டை நான் கண்டும் காணாமல் விட்டிருக்கிறேன். நீ அந்தக் கொப்பியைத் திருத்தியிருக்கலாம், பெரிதாக்கியிருக்கலாம். என்னிடம் ஒருநாள் கேட்டிருந்தால், பக்கம் பக்கமாகக் காட்டியிருப்பேன்.

அடுத்த ஆவணியில் உனக்குக் கல்யாணம். வீட்டுக்கு வரப்போகிற அந்தப் பிள்ளைக்கும் கடமைப் பட்டியல் எழுதிக் கொடுத்துவிடாதே என்று சொல்லத்தான் இந்தக் கிழமை கடிதம் எழுத நினைத்திருந்தேன், பகிடியாக. இப்போது பகிடி இல்லை. வீட்டிலும் கம்பனியிலும் ஒரே சங்கதிதான். இன்னார் செய்வது இதுதான் என்று நீ கோடு கீறிய அன்றைக்கே, அவர் செய்யக்கூடிய மற்றதெல்லாம் உன் கண்ணுக்கு மறைந்துபோகும். மூன்றாம் மேசையில் தோணி ஒழுங்கு செய்யத் தெரிந்தவள் இருக்கிறாள், வாயாடிச் சண்டை தீர்க்கத் தெரிந்தவள் இருக்கிறாள், இறாலைப் பார்த்தே எந்த இடத்தில் பிடித்தது என்று சொல்லுகிறவள் இருக்கிறாள். உன் பட்டியலில் அந்த மேசையின் இருபத்தெட்டுப் பேரும் இறால் உரிப்பவர்கள். காலம் மாறும்போது கம்பனியைத் தூக்கி நிறுத்துவது பட்டியலில் இல்லாத அந்தச் சங்கதிகள்தான். அதைக் கேட்டு எழுதுவதுதான் உன் வேலை. மேசைக்கு ஒருத்தியைத் தெரிவுசெய்து நேர அட்டவணையை அவர்களையே போடவிடு. மாத்தாள் விடுவதை விதியாக்கு, சொந்தம் இல்லாதவளுக்குக் கம்பனி மாத்தாள் கொடுக்கட்டும். மெசின் ஒருத்தியின் விரலைப் பிடிக்காவிட்டால் மெசினுக்குக் கடிதம் எழுது, அவளுக்கு எழுதாதே. யாரையாவது வராதவர் என்று எழுதுமுன் அவர் வீட்டுக்கு ஓர் ஆளை அனுப்பி, ஏன் வரவில்லை என்று கேள். அதற்கு ஆள் இல்லை என்றால், கையெழுத்து வைக்க மட்டும் உனக்கு எப்படி நேரம் வந்தது?

இன்னொன்று. யோகம் உனக்குச் சோறு போட்டவள், உன்னைத் தூக்கி வளர்த்தவள் என்றெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அவள் உன்னைத் தூக்கவும் இல்லை, வளர்க்கவும் இல்லை. உன்னை இரண்டு தரம்தான் கண்டிருக்கிறாள். அவளுக்கு நீ நன்றிக்கடன் பட்டவன் இல்லை. வேலை செய்தவளை வேலை செய்தவள் என்று எழுதுவதற்கு உறவு எதற்கு?

நேற்று யோகம் திரும்ப வந்தாள். வியாழக்கிழமை அவளோடு வருகிற ஆளாக என் பெயரைக் கொடு என்று நானே கேட்டேன். நான் இருபத்தாறு வருடம் கந்தோரில் இருந்தவள், விசாரணை நடத்தியவள், விதி தெரிந்தவள், உன்னை எந்த இடத்தில் மடக்கலாம் என்று தெரிந்தவள். அவளுக்கு என் கதையையும் சொன்னேன், நவத்தின் கதையை, முழுதாக. இவ்வளவு காலத்தில் அதை முழுதாகக் கேட்ட முதல் ஆள் அவள்தான். கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"வேணாம் அக்கா. நீங்க வந்தா அது உங்கட வீட்டுச் சண்டையாப் போயிரும். என்ட சங்கதி அதுக்குள்ள காணாமப் போயிரும். நான் பரீதாவக் கூட்டிட்டுப் போறன். அந்தப் பதினொரு நாளும் எனக்கு நேர நிண்டு உரிச்சவ அவதான்."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவள் சொன்னது சரி. யாரைக் கூட்டிப்போவது என்று உன்னையும் என்னையும்விட அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

இருந்தாலும் நான் வருவேன். உன் விதியில் எனக்கு இடமில்லை என்று சொல்லாதே, அந்த விதியை உனக்கு அனுப்பிவைத்தவளே நான்தான். முதுகு வலி, முழங்கால் வலி, எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு பத்துக்குப் பத்து நிமிடம் இருக்க அங்கே நிற்பேன். மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு கதிரை போடு, ஒன்று யோகத்துக்கு, ஒன்று பரீதாவுக்கு. இந்தப் பக்கமும் இரண்டு போடு. ஒன்று கையெழுத்து வைத்த உனக்கு, மற்றது வசனம் எழுதிய எனக்கு. கேள்வியை அவர்கள் கேட்கட்டும். காரணம் காட்ட வேண்டியவர்கள் நாம் இரண்டு பேரும்தான்.

அம்மா